கூரைக்கு அரை மதிப்பெண்

பாடநூலைத் திறந்தால் ஆல்ப்ஸ்.
பனி. பனிக்கடியில் மடிந்து மடிந்து கிடக்கும் பாறை.
சேன் ழோசெஃப் லிசேயின் இரண்டாம் மாடியில்
சன்னல் கம்பியைக் கடலுப்பு தின்றுகொண்டிருக்க
பனியைத் தொட்டே இராத இருபத்தெட்டுப் பேருக்கு
நான் அதைக் காட்டிக்கொண்டிருந்தேன்.
"ஃபிரிட்ஜுல பாத்திருக்கேன் மதாம்" என்றது ஒரு குரல்.

கீழே இருப்பது மூத்தது,
மேலே இருப்பது இளையது.
எழுதிக்கொள்ளுங்கள், தேர்வில் கட்டாயம் வரும்.

எமெரிக் பேனாவைக் கீழே வைத்தான்.
"தப்பு மதாம். எங்க வீட்ல கூரைதான் மூத்தது.
புயல்ல பழைய வீடு போச்சு, தகரம் மட்டும் தப்பிச்சது.
அப்பா புதுசா செவுரு கட்டி
அதையே தூக்கி மேல போட்டுட்டாரு.
செவுத்துக்கு ஒம்பது வயசு,
தகரத்துக்கு என்னைவிட அதிகம்."

வகுப்பு சிரித்தது. நானும்தான்.
அது இயற்கைப் படிவு இல்லையே என்றேன்,
மனிதக் கை பட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை.
"அப்ப ஆள் தூக்கி வெச்சா விதி செல்லாதா?"
மணி அடித்தது.
மணிக்கு நான் அவ்வளவு நன்றி சொன்னதில்லை.

வியாழக்கிழமை பேருந்தில் எரிமலைச் சரிவுக்குப் போனோம்.
சாலையோரப் பலகையில் ஏப்ரல் 2007.
"நீங்கள் பிறந்த ஆண்டு கடலுக்குள் இறங்கிய குழம்பு இது" என்றேன்.
டோனோவான் பாறையைத் தடவிப் பார்த்தான்.
சாம்பல் நிறத்தில் லைக்கன் மொசமொசவென்று.
"இதுக்குத் தாடியே வந்துடுச்சு, எனக்கு இன்னும் வரல."
அதற்குப் பிறகு கால் மணி நேரம் பாடம் நடக்கவில்லை.

என் காசில் வாங்கிய பிளாஸ்டிக் குழாய்ச் சட்டம்,
ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்.
உள்ளே எண்ணினோம்:
லைக்கன் எண்பது விழுக்காடு, பெரணி பதினொன்று,
பிளவில் விரல் நீளச் சவுக்குக் கன்று ஒன்று.
படிவத்தில் இரண்டே கட்டம்,
இம்மண்ணுக்குரியது, வந்தேறியது.
சவுக்கை இரண்டாவதில் போட்டோம்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
காரைக்காலில் பிறந்த நானும் கேட்கவில்லை.

சுத்தியல் எமெரிக்கின் முறை.
மூன்றாம் அடியில் கல் வாயைப் பிளந்தது.
கருமைக்குள் எலுமிச்சையளவு பச்சை,
உடைந்த சோடா பாட்டிலின் பச்சை.
ஒலிவின், என்றேன். இதைச் சூழ்ந்த பாறையைவிட மூத்தது.
ஆழத்தில் எப்போதோ உறைந்து கிடந்ததை
குழம்பு பிய்த்துக்கொண்டு மேலே வந்திருக்கிறது,
கரைக்க முடியாமல்.
இதற்கும் விதி உண்டு, அடுத்த வாரம் சொல்ல இருந்தேன்:
உள்ளே அகப்பட்டது, அகப்படுத்தியதற்கு மூத்தது.

அவன் அதை உள்ளங்கையில் உருட்டினான்.
"அப்ப தூக்கிட்டு வந்தாலும்
அதோட வயசு அதோடதான்."
ஆமாம் என்றேன்.
வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருப்பேன்,
லூசியானா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

இன்றிரவு விடைத்தாள்கள்.
மூன்றாம் கேள்வி: மேற்படிவு விதியை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
எமெரிக் கூரையை வரைந்திருக்கிறான்,
அளவுகோல் வைத்து, ஆணி துருப்பிடித்த இடங்கள் உட்பட.
விடைக்குறிப்பில் ஆல்ப்ஸ் இருக்கிறது. தகரம் இல்லை.
அரை போட்டேன். அடித்தேன்.
மறுபடியும் அரை போட்டேன்.

பட்டியலில் ஏற்றும்போது அவன் குடும்பப்பெயர்,
பெர்மால்நாயிக்,
நடுவில் ஒரு பிரெஞ்சு எழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி,
எந்த எழுத்தரோ நூற்றைம்பது ஆண்டுக்கு முன் குத்தியது.
வகுப்பில் அப்படித்தான் கூப்பிடுகிறேன், அந்த ஊர் உச்சரிப்பில்.
உள்ளே எனக்குக் கேட்பது வேறு.
அதை இதுவரை அவனிடம் சொன்னதில்லை.
சொல்ல வேண்டுமா என்றும் தெரியவில்லை,
அவன் கல்லை அவனேதான் உடைத்தான்.

மூன்றாம் கேள்விக்கு மொத்தம் இரண்டு.
மீதி ஒன்றரை எங்கே போயிற்று என்று
திங்கட்கிழமை வந்து நிற்பான்.
நிற்கட்டும்.