ஆயிரத்து ஏழு

கிளாக்ஸ்விக் மருத்துவமனையில் மூன்று கணினிகள்.
இரத்தப் பரிசோதனைக்கு ஒன்று,
எக்ஸ்ரேவுக்கு ஒன்று,
சம்பளப் பட்டியலுக்கு ஒன்று.
முகங்கொடுத்துப் பேசாத சம்பந்திகள்.

செவிலி ஒட்வாவுக்கு மூன்றிலும் மூன்று பெயர்.
விசைப்பலகையைக் கவிழ்த்தால்
மஞ்சள் தாளில் மூன்று கடவுச்சொல்,
ஒன்றின் மேல் காப்பிக் கறை.
"எந்தக் கதவுக்கு நான் யார் என்று
எனக்கே மறந்துபோகிறது, ரூனி."

இனி ஒரே வாசல் என்று முடிவாயிற்று.
இருக்கிற கணக்குகளே போதும்,
புதிதாக யாரையும் பிறப்பிக்க வேண்டாம்.
பெயர்த்து வைக்கும் வேலை எனக்கு.
ஞாயிறு இரவு. மழை பக்கவாட்டில் பெய்தது.

கடவுச்சொற்களை நான் பார்க்கவில்லை.
யாராலும் பார்க்க முடியாது.
ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து
அரைத்த சொல் அது;
மாவிலிருந்து அரிசியை எடுப்பார் உண்டா?
ஊரார் இரகசியம் அத்தனையும்
மூடிய பானைகளாகச் சுமந்து கடந்தேன்.
உள்ளே காதலியின் பெயரோ
செத்துப்போன நாயின் பெயரோ,
தளும்பக்கூட இல்லை.

பெயர்கள் இடிக்கவில்லை.
எண்கள் இடித்தன.

இயந்திரத்துக்கு நாம் பெயரல்ல, எண்.
ஆயிரத்து ஏழு:
எக்ஸ்ரேயில் அது டாக்டர் ஹெர்கைர்.
சம்பளத்தில் அது சமையலறை ரன்வா.
அப்படியே ஊற்றியிருந்தால்
விடிந்ததும் ரன்வாவின் கையில்
நாலாயிரம் விலாக்கூடுகள்;
அவருக்கோ
உருளைக்கிழங்குக் கணக்கும்
அவள் எழுதி அனுப்பாமல் விட்ட
ராஜினாமாக் கடிதமும்.

கடிதத்தைத் திறக்கவில்லை.
கோப்பின் பெயரே அதுதான்:
ராஜினாமா, மூன்றாவது தடவை.

ரன்வாவுக்கு ஐயாயிரத்து ஏழு கொடுத்தேன்.
அவளுடைய ஒவ்வொரு கோப்பின் நெற்றியிலும்
பழைய எண்ணை அழித்துப் புதியது எழுத
நாற்பது நிமிடம்.
அவளுக்குத் தெரியாமலே
யாரோ ஒருத்தியாகி
மறுபடி அவளே ஆனாள்.

திங்கள் காலை ஏழு மணி.
வழக்கமான சொல்லை அடித்தார்கள்.
வழக்கம்போல் திறந்தது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஹெர்கைர் மட்டும்
திரையின் நீலம் மாறியிருக்கிறது என்றார்.
மாறவில்லை என்றேன்.

ஒட்வா மஞ்சள் தாளில் இரண்டு வரியை அடித்துவிட்டு
அதே இடத்தில் மறுபடி ஒட்டினாள்.
அதற்கு நான் ஒரு எச்சரிக்கை எழுதியிருக்க வேண்டும்.

மதியம், வரிசையில் என் முறை.
ரன்வா மீன் சூப் ஊற்றினாள்.
உப்புக் கரிக்கிறதா என்றாள்.
இல்லை என்றேன்.
கரித்தது.