ஸ்டெப் எங்கே

ஒன்று எழுதி அதன் கீழ் கோடு போட்டு
கோட்டின் கீழ் ஒரு கோடியே எட்டு லட்சம் என்று எழுதினார்
கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் தங்கநாயகி டீச்சர்.
"லாட்டரி எடுக்கிறவன் நம்புவது இதைத்தான்."
பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம், மொத்தமாய்ச் சிரித்தது.
என் அப்பா லாட்டரி விற்பவர்.

அன்று சாயங்காலம்
கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பொள்ளாச்சி பஸ் நின்றபோது
ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டது.
சுண்டுவிரலில் சாக்பீஸ் தூள்.
அப்பா கிளிப்பை விலக்கி ஒரு சீட்டை உருவினார்.
"தினமும் எடுக்கிற அம்மா.
ஏழில் முடியணும், வேற எதையும் தொடமாட்டாங்க."

அதன்பிறகு எனக்குப் படிப்பு ஏறியது என்பார்கள்.
ஏறியது வேறு.
ஏழின் இடுப்பில் அவர் இழுக்கும் குட்டிக் கோடு,
கணவாய்க் காற்றுக்கு முந்தானையைச் செருகும் வேகம்,
தப்பான விடையையும் கடைசிவரை கேட்டு நிற்பது,
எல்லாம் நோட்டின் பின்பக்கத்தில் சேர்ந்தது.
ஏன் ஏழு என்று மட்டும் கேட்கவில்லை.

பதினோரு வருஷத்தில் அது நாவலாயிற்று, இருநூற்று ஆறு பக்கம்.
பெயரை மாற்றினேன்.
ஏழு வயதில் செத்த ஒரு தம்பியைக் கொடுத்தேன்.
நூற்று நாற்பதாம் பக்கத்தில், மனசு கேட்காமல்,
முதல் பரிசையும் கொடுத்தேன்.
அப்பா அதில் ஒரு கை மட்டும், சீட்டை நீட்டும் கை.

ஆனைமலைக்குத் தபாலில் போன கட்டு
மூன்று மாதம் கழித்துத் திரும்பியது.
கடிதம் இல்லை. சிவப்பு மை.

அந்த பஸ் ஐந்து இருபதுக்கு, நாலரைக்கு அல்ல.
குலுக்கல் மூன்று மணிக்கு;
சாயங்காலம் வாங்கினால் அது நாளைய சீட்டு.
'தம்பி'யைச் சுற்றி ஒரு வட்டம், மேலே கேள்விக்குறி.
பிறகு கேள்விக்குறியையும் அடித்திருந்தார்.
பரிசு விழும் இடத்தில்:
ஸ்டெப் எங்கே? நேராக விடைக்குத் தாவாதே.
மூன்று பக்கம் தள்ளி:
விற்றவருக்கும் கமிஷன் உண்டு. அவருக்குப் பெயர் இல்லையா?

அதோடு சரி.
மிச்சம் அறுபத்து மூன்று பக்கத்தில்
ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.
பிழையே இல்லையா,
அங்கேயே மூடி வைத்துவிட்டாரா?

ஒன்று எழுதிக் கீழே கோடும் போட்டுவிட்டேன்.
கோட்டின் கீழ் எழுத எண் இல்லாமல்
செக்போஸ்ட் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.
பொள்ளாச்சி பஸ் வருகிறது.
பாதி டீயை வைத்துவிட்டு
கிளிப்போடு எழுந்து ஓடுகிறார்
கிட்டுச்சாமி.