எழுபத்தெட்டரை

ஆறரைக்கு வரச் சொன்னார்கள்.
ஆறேகாலுக்கே போய்விட்டேன்.
செட்டிநாடு ஓடுதளத்தில் அப்போது
இரண்டு மயில்களும் ஒரு சாமியானாவும் இருந்தன.
சாமியானா ஓரத்தில்
போன முகூர்த்தத்து மாவிலை காய்ந்து தொங்கியது.
அதுதான் டெர்மினல்.

செம்பருந்து ஏர்.
பத்தொன்பது இருக்கை, சென்னைக்கு எழுபது நிமிடம்.
பதினொன்று நாற்பதுக்கு
அம்பத்தூர் பதிவு அலுவலகத்தில் எனக்கு டோக்கன்.
மனையை வாங்குகிறவர் பெங்களூரிலிருந்து
முந்தின இரவே வந்து இறங்கிவிட்டார்.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கணக்கு தப்பாது.

"பெட்டியை வைங்க மேடம்."
வைத்தேன்.
"இப்ப நீங்க ஏறுங்க."
நானா?
"சின்ன ஃப்ளைட் மேடம், ஆளையும் நிறுக்கணும்."
மண்டியிலிருந்து வாங்கி வந்த தராசு.
பலகையில் மிளகாய் விதை ஒட்டியிருந்தது.
செருப்பைக் கழற்றட்டுமா என்று கேட்பதற்குள்
"எழுபத்தெட்டரை!" என்று கூவினான்.
ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம்
ஆடு மேய்த்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அவன் பெயர் அடைக்கலராஜ்.
சட்டைப்பையில் குத்தியிருந்தது.
டிக்கெட் பார்த்தவன் அவன்.
பெட்டி தூக்கியவன் அவன்.
மஞ்சள் மேலங்கி மாட்டிக்கொண்டு
மயிலை விரட்டியவனும் அவன்.
பிறகு மைக்கைத் தட்டிப் பார்த்து
பத்தடி தூரத்தில் இருந்த பதினோரு பேரிடம்
"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றான்.

விமானம் இன்னும் சென்னையிலேயே இருக்கிறதாம்.
ஏழரைக்குக் காரணம், மேகம்.
வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.
எட்டேகாலுக்கு, டெக்னிக்கல்.
ஒன்பதரைக்கு அதே டெக்னிக்கல், சற்றே முற்றியது.

கண்டனூர் வயிரவன்
காரில் கிளம்பியிருந்தால் இந்நேரம் கீரனூர் என்றார்.
கொஞ்சம் கழித்துச் சமயபுரம் என்றார்.
உளுந்தூர்பேட்டையில் காபி குடித்தார்.
பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே
பன்னிரண்டு மணிக்குத் தாம்பரம் சேர்ந்துவிட்டார்.
வீடுகளைப் படமெடுக்க வந்த பிரெஞ்சு ஜோடி மட்டும்
சந்தோஷமாக இருந்தது.
மயில்.

பதினொன்று நாற்பதுக்கு
அம்பத்தூரில் என் எண்ணைக் கூப்பிட்டிருப்பார்கள்.
இங்கே எங்கள் தலைக்கு மேல்
நிஜச் செம்பருந்து ஒன்று
யாரும் நிறுக்காமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

ரத்து என்று அவன் மைக்கில் சொல்லவில்லை.
ஒவ்வொருவரிடமும் வந்து சொன்னான்.
என்னிடம் வந்தபோது நான் பேசியது
எனக்கே தெரியாத வாய்.
அவன் பேனாவை மூடினான், திறந்தான்.
"ரீஃபண்ட் ஏழு வேலை நாள்ல வந்துரும் மேடம்."
யாருடைய வேலை நாள் என்று சொல்லவில்லை.

மனை பிறகு விற்றது, நாலு லட்சம் குறைவாக.
ரீஃபண்டுக்கு போன் போட்டால்
என் அழைப்பு முக்கியமானது என்பார்கள்.
அப்புறம் வீணை.
பதினெட்டு நிமிடம் கேட்டிருக்கிறேன் ஒருமுறை,
அது முடியவே முடியாத வீணை.

ஐந்து மாதம் கழித்து,
காரைக்குடி ஜங்ஷன், ராத்திரி ரயில்.
மேல் படுக்கையிலிருந்து ஒரு குரல்:
"மேடம்... எழுபத்தெட்டரைதானே?"
டை இல்லை. தாடி விட்டிருந்தான்.
"பேர் ஞாபகம் வரலை, மன்னிச்சுக்கங்க."

மூன்று மாதச் சம்பளம் நிற்கிறதாம்.
அதே நம்பருக்குத்தான் அவனும் பேசுகிறான்.
"எனக்கும் அந்த வீணைதான் மேடம்."
ஸ்ரீபெரும்புதூரில் பார்சல் கிடங்கில் வேலை சொல்லியிருக்கிறார்களாம்.
அங்கேயும் நிறுக்கிறதுதான்.
ஐந்து மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை
எங்கே இறக்குவது என்று தெரியவில்லை.
எலுமிச்சை சாதத்தில் பாதியைக் கொடுத்தேன்.
எடை பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

செட்டிநாடு தாண்டி, திருமயத்துக்கு முன்னால்,
இருட்டில் ரயில் நின்றது.
கால் மணி நேரம். அரை மணி.
மேலே அவன் தலை இடிக்க எழுந்து உட்கார்ந்தான்.
கீழே இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.
அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"சிக்னலா இருக்கும் மேடம்" என்றான்.