அடைப்புக்குறி

ஐஸ்லாந்தில், ஃப்ளூதிரில்,
ஜனவரிச் சூரியன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.
கண்ணாடி வீட்டுக்குள் மட்டும்
வரிசை வரிசையாய் விளக்கு, தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்.
தக்காளிக்கு அங்கே எப்போதும் சித்திரை.

ஸ்டெய்ன்வோர் ஐம்பத்தோரு வயதில் நிரல் எழுதக் கற்றாள்,
பம்பு அறையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து,
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு.
கூரை ஜன்னலை யார் திறப்பது, எப்போது மூடுவது
என்று போகுமிவாவோடு தினமும் நடக்கும் சண்டைக்கு
ஒரு முடிவு கட்டத்தான்.

முதலில் எழுதினாள்:
காற்று வடக்கு அல்லது கிழக்கு என்றால், மூடு.
மூடியே கிடந்தது.
தெற்கே வீசினாலும் மூடல். வீசாவிட்டாலும் மூடல்.
தனியே நிற்கும் 'கிழக்கு' என்ற சொல்லை
இயந்திரம் கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை.
வெறுமையாக இல்லாத எதுவும் அதற்கு ஆமாம்தான்.
காற்று வடக்கு, அல்லது காற்று கிழக்கு:
காற்றை இரண்டாம் தடவையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

நானென்றால் வடக்கோ கிழக்கோ என்றுவிட்டு நடையைக் கட்டுவேன்.
சொல்லின் வாலில் ஓர் ஓகாரம் ஆடினால் போதும்,
கேட்பவர் மிச்சத்தைத் தாமே முடிந்துகொள்வார்.
எத்தனை பேர் எனக்காக முடிந்திருக்கிறார்கள்
என்று எண்ணிப் பார்த்ததே இல்லை.

போகுமிவாவுக்கு வேறு சந்தேகம்.
அவள் போலிஷில் 'இல்லை' இருமுறை வந்தாலும் இல்லைதான்.
இயந்திரத்துக்கோ இல்லை இல்லை என்றால் உண்டு.
"என் மாமியாரிடம் இப்படிப் பேசியிருந்தால்
எனக்கு இன்னும் ரெண்டு பிள்ளை இருந்திருக்கும்"
என்றாள், பழத்தைப் பெட்டியில் அடுக்கியபடி.

பிப்ரவரியில் இந்த வரி:
சூடு இருபத்தாறைத் தாண்டினால்
அல்லது ஈரம் எண்பத்தைந்தைத் தாண்டினால்
மேலும் புயல் இல்லையென்றால்
திற.

வாய்விட்டு வாசித்தாள். சரியாகத்தான் பட்டது.
வாசித்தபோது அவள் மூச்சு
புயலுக்கு முன்னால் ஒரு கணம் நின்றது.
அந்த நிறுத்தத்தை அவள் தட்டச்சு செய்யவில்லை.

நிரலின் பந்தியில் 'உம்'முக்குத்தான் முதல் இலை,
'ஓ' காத்திருந்து அடுத்ததில் உட்காரும்.
ஆகவே புயலைப் பற்றிய எச்சரிக்கை
ஈரத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டது.
சூடு தனியாள் ஆகிவிட்டது, யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இரவு இரண்டே கால். வெளியே பனிப்புயல்.
விளக்குகளின் உபயத்தில் உள்ளே இருபத்தேழு.
ஜன்னல், சொன்ன சொல் தவறாமல்,
முழுசாகத் திறந்தது.

பழுத்த தக்காளிமேல் பனி.
அட்டைப் பெட்டிக்குள் வண்டுத்தேனீக்கள்
ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பந்தாகிக் கிடந்தன.
இரவு உடைமேல் ஸ்வெட்டரோடு ஓடிவந்த போகுமிவா
கைச்சக்கரத்தைச் சுற்றி ஜன்னலை இறக்கினாள்,
இயந்திரத்தைப் போலிஷிலும்
ஸ்டெய்ன்வோரை ஐஸ்லாந்தியத்திலும் வைதுகொண்டே.

மூன்று வரிசை போயிற்று.
ஸ்டெய்ன்வோருக்குத் திட்ட ஆள் கிடைக்கவில்லை.
சொன்னதைத்தான் அது செய்தது.
விடியுமுன் இரண்டே குறிகள் சேர்த்தாள்:
சூட்டுக்கு முன்னால் ஒரு வளைவு, ஈரத்துக்குப் பின்னால் ஒரு வளைவு.
இரண்டு உள்ளங்கை குவித்து
எதையோ பொத்தி வைத்ததுபோல் இருந்தது திரையில்.

ஏப்ரலில் கேட்டாள்:
"அடுத்த குளிர்காலம் இருப்பாயா?"

போகுமிவா செடியைவிட்டுத் திரும்பவில்லை.
"கூலி ஏறினால், அல்லது என் மகள் இங்கே வந்தால்,
மேலும் இன்னோர் இருட்டை என்னால் தாங்க முடிந்தால்."

ஸ்டெய்ன்வோர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"இருட்டு மகளோடு மட்டுமா? கூலியோடும் சேர்த்தா?"

பக்கத் தளிர் ஒன்றைக் கிள்ளி
ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள் அவள்.
"குறி இன்னும் போடவில்லை" என்றாள்.
மேலே ஜன்னல்
ஒரு விரற்கடை திறந்தது, தானாகவே.