மூடும் பொத்தான்

தொழிற்சாலைக் கணினியில் அது வலது மூலையில்.
புதன்தோறும் கணக்கெழுதப் போகும்
விடுதியின் மேக்கில் இடது மூலையில்.
வீட்டு லினக்ஸில் நான் எங்கே சொல்கிறேனோ அங்கே.
தொல்லை அங்கேதான் தொடங்கியது.

ஐந்து வருடமாகக் கோத்தகிரியில்
பச்சைத்தேயிலை எடை மேசை எனக்கு.
அந்தத் திரையின் முகத்தைத் தீர்மானிப்பவர்
கோயம்புத்தூரில் இருக்கிறார், நான் பார்த்ததில்லை.
நீலப் பின்னணி, நடுவில் கம்பெனி முத்திரை.
மாற்றப் போனால்
‘இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று வரும்.
ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை.
ஒருநாளும் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

மேக்கின் குணம் வேறு.
சுட்டி போகிற வழியெல்லாம்
அடியில் வரிசைகட்டிய படங்கள்
எண்ணெயில் விட்ட பூரியாக உப்பி அடங்கும்.
ரூபி மேடத்துக்கு அது பிடிக்கும்.
பில் போடும்போது எனக்குப் பசிக்கும்.

என்னுடையது மேட்டுப்பாளையத்தில் வாங்கிய பழைய லேப்டாப்.
ஒரு கீல் போய்விட்டது,
திரையின் முதுகுக்கு ஒரு செங்கல் துணை.
துணி காயாத மழைமாத இரவுகளில்
அதை முதலில் விண்டோஸ் மாதிரி ஆக்கினேன்.
பிறகு மேக் மாதிரி.
பிறகு இரண்டுக்கும் பிறந்து
இரண்டோடும் பேசாத பிள்ளை மாதிரி.
எழுத்துருவை மட்டும் பதினொரு முறை.
ழகரத்தின் வால் கீழ்வரியில் இடிக்காத ஒன்று
கிடைத்தபோது மணி மூன்று.
வாசலில் காட்டெருமை நின்று
பெருமூச்சு விட்டுப் போயிற்று.

பின்னணிக்கு ஒரே ஒரு நிறம் வேண்டியிருந்தது.
கட்டபெட்டு வளைவில் பஸ் ஜன்னல் வழியே எடுத்த படம்,
மஞ்சு இறங்க ஒரு நிமிடம் முந்தைய பச்சை.
நிறம் உறிஞ்சும் கருவியால் தொட்டுப் பார்த்தேன்.
சிவப்பு 92. பச்சை 104. நீலம் 98.
பச்சை என்று கோர்ட்டில் சத்தியம் செய்திருப்பேன்.
நீலத்தைவிட ஆறே ஆறு கூடுதல்,
மிச்சமெல்லாம் சாம்பல்.
அதையே வைத்துக்கொண்டேன்.

லாரி ஓட்டும் போஜன் போனில் பார்த்துவிட்டு
“வேலை செஞ்சா மறைஞ்சிடுமே சுகிர்தா,
அதுக்கா இவ்ளோ பாடு?” என்றார்.
பாவாடை நிறமும் அப்படித்தான் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
எடைச்சீட்டை நீட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை
எடைக்கணக்கை மூடப் போன கை
வீட்டு வழக்கத்தில் இடது மூலைக்குப் போயிற்று,
குடிமாறிய பிறகும்
இருட்டில் பழைய சுவரில் சுவிட்சைத் தடவுகிற கை.
அங்கே ‘புதிய நாள்’ என்றொரு பொத்தான்.
நாற்பத்திரண்டு பேரின் கொழுந்து
கண்மூடித் திறப்பதற்குள்
சேமிக்காத நேற்றாகிவிட்டது.
மாதியம்மா துண்டுச்சீட்டை மேசைமேல் வைத்து
“என் இருபத்தெட்டு கிலோ எங்கே?” என்றாள்.
திட்டவில்லை.
நின்றாள்.
ஒவ்வொரு சீட்டாகக் கேட்டு வாங்கி,
போனவர்களைப் போனில் கூப்பிட்டு,
இருட்டும்வரை திரும்ப ஏற்றினேன்.

ராத்திரி வீட்டுக்கு வந்து
பொத்தானை வலது பக்கம் மாற்றினேன்.
மூன்றில் எது வளையுமோ
அதைத்தானே வளைக்க முடியும்.
சுதந்திரமான கணினி என்று
செங்கல்லிடம்கூடச் சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை
கோயம்புத்தூர்க்காரர் பின்னணியை மாற்றியிருந்தார்.
வெயில், தேயிலைத் தோட்டம்,
கூடை சுமந்து சிரிக்கும் பெண்.
விரல்களில் ஒரு கறை இல்லை.
மாதியம்மா எட்டிப் பார்த்தாள்.
“யார் இவ, எந்த ஊரு?” என்றாள்.
சீட்டை வாங்கும்போது
கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

ஐகான்களை நகர்த்த மட்டும் எனக்கு அனுமதி உண்டு.
எக்செல்லை எடுத்து
அந்தச் சுண்டுவிரலில் வைத்தேன்.
பிரிண்டரை மணிக்கட்டில்.
குப்பைத்தொட்டி
உள்ளங்கைக்குச் சரியாக இருந்தது.