லௌரி இல்லாத ஜூன்

மாலை ஐந்து மணிக்கு லௌரி சொல்லுவார்:
"சரி, இதை ஒரு நாள் என்று அழைப்போம்."
எங்கள் இங்கிலீஷில் அப்படித்தான்.
முடிந்தது என்று யாரும் சொல்வதில்லை.
முடியாததற்கு ஒரு பெயர் வைத்துவிட்டு
ஏணியைச் சாய்க்கிறோம்.

ஷெட்லாந்தின் டிசம்பரில் அது சுலபம்.
ஒன்பது மணிக்கு வந்து
மூன்று மணிக்கே மூட்டை கட்டும் வெளிச்சம்.
ஒருமுறை நாலே நாலு ஆணி அடித்திருந்தோம்,
மழை படுக்கைவாட்டில் வந்தது.
அதையும் நாள் என்றே அழைத்தார்.
குறைமாசப் பிள்ளைக்கும்
முழுப்பெயர்தானே வைக்கிறோம்.
கூலிச்சீட்டும் நம்பியது.

ஆஸ்லாவின் முதல் கல்யாணத்துக்கும் இதே சொல்தான்.
பதினோரு வருஷம்.
இருவருமாகச் சேர்ந்து
ஒரு நாள் என்று அழைத்துவிட்டார்கள்.

இந்த ஜூனில் லௌரிக்கு முழங்கால் ஆபரேஷன்,
அபர்டீனுக்குக் கப்பலேறிவிட்டார்.
யெல் தீவில், மீன் கொட்டகைக் கூரைமேல்
எர்ட்டி, ஆஸ்லா, ஆட்டுக்காரர் மகன் கிப்பி, நான்.
வெயில் சாய்ந்தது.
சாய்ந்துகொண்டே இருந்தது,
விழவில்லை.
ஃபெர்ரி ஒன்று போனது.
அதே ஃபெர்ரி திரும்பி வந்தது.
எட்டு மணிக்கு எர்ட்டி கேட்டான்,
இன்னொரு தகடு போடலாமா.
போட்டோம்.
பத்துக்கு ஆஸ்லா தெர்மாஸைக் கவிழ்த்துப் பார்த்தாள்,
ஒரு சொட்டு.
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
முதலில் சொல்கிற ஆள்
சோம்பேறி ஆகவேண்டும், அல்லது மேஸ்திரி.
இரண்டுக்கும் எங்களில் ஆள் இல்லை.

பன்னிரண்டரை.
ஆட்டுக்குட்டிகளே கத்தி ஓய்ந்துவிட்டன.
கிப்பி தன் கட்டைவிரலில் அடித்துக்கொண்டான்,
ரத்தம் இல்லை, கெட்டவார்த்தை மட்டும்.
ஆணி தீர்ந்துவிட்டது என்றேன் நான்.
பொய்.
என் காலுக்குப் பின்னால்
பாதி டப்பா இருந்தது.
ஆஸ்லா அதைப் பார்த்தாள், எடுத்தாள்,
மூடியை அழுத்தி மூடினாள்.
"சொல்லேன்" என்றாள்.

தொண்டை வறண்டு கிடந்தது.
அழைப்பதென்றால் எதை அழைப்பது,
தேதி மாறி அரைமணி ஆகிறது,
நேற்றையா, இன்றையா?

எதையோ அழைத்தேன்.

வந்தது,
பழக்கமில்லாத குரலுக்கு வருகிற நாய் மாதிரி
கொஞ்சம் தயங்கி,
ஏணிக்கடியில் படுத்துக்கொண்டது.

கீழே வேனில்
முழங்கால்மேல் சீட்டை வைத்து எழுதினான் எர்ட்டி.
நாள்: ஒன்று.
நாலு ஆணிக்கு எழுதிய
அதே ஒன்று.