மூன்றாவது மணி

எழுமலை போகிற வழியில்
இரண்டு ஏக்கர் எழுபது சென்ட்.
பத்திரத்தில் தோட்டம், வீடு, கிணறு.
நேரில் முள்.

வீடு எங்கே என்றதற்கு
தரகர் தவசி விரலை நீட்டினார்.
சீமைக்கருவேலத்துக்கு மேலே
ஓட்டுக்கூரையின் ஒரு மூலை,
முங்கினவன் கை மாதிரி.

ஜேசிபிக்கு மணிக்கு ஆயிரத்து இருநூறு,
பேட்டா தனி.
ஓட்டிவந்த ஒச்சப்பனுக்கு இருபத்திரண்டு வயசிருக்கும்.
முதல் மணியில் வாசல் கிடைத்தது.
இரண்டாவதில் கிணறு:
கணுக்கால் தண்ணீர்,
காலில்லாத பிளாஸ்டிக் நாற்காலி,
அதன்மேல் ஓர் உடும்பு,
எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது மணியில்
ஒன்னுக்குப் போய்வந்தவன்
வண்டியில் ஏறாமல் நின்றான்.
"அக்கா, உள்ள உசிலை நிக்கிது."

அவர் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு
தவழ்ந்து போனேன்.
இருட்டு. காய்ந்த நெற்று. கைமுட்டியில் ரத்தம்.
நாலு உசிலை, முழங்கால் உயரம்.
ஒரு வாகை.
ஆட்டு வாய் எட்டாத தைரியத்தில்
மஞ்சணத்தி காய்க்கவே தொடங்கியிருந்தது.

பிடுங்கக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்;
வேலி சம்பளமில்லாமல்
வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

வில்லாபுரத்திலிருந்து ஜெயசீலன் போனில்:
"முடிஞ்சிருச்சா?"
"நிப்பாட்டிட்டேன்."
அந்தப் பக்கம் லேத் சத்தம் கொஞ்ச நேரம்.
"மிச்ச முள்ளை யாரு எடுப்பா?"

நாங்கள்தான் எடுத்தோம்.
ஞாயிற்றுக்கிழமைதோறும், அரிவாளால்,
கன்றைக் கண்டால் கையை நிறுத்தி,
ஒருமுறை பொறுக்காமல் அவர் வாகையையே வெட்டி,
அன்று இரவு பேசாமலிருந்து.
வெட்டிய முள்ளைக் கரிமூட்டத்துக்குப் போட்டோம்.
கரி ஓடாக வந்தது;
கூரை முக்கால்வாசி முடிந்தது.

வாகை அடியிலிருந்து மறுபடி துளிர்த்தது.
அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை,
தண்ணீர் ஊற்றும்போது மட்டும்
அதற்கு ஒரு குடம் கூட.

மூன்று வருஷம்.
உசிலை என் தலையைத் தாண்டிவிட்டது.
நிழல் இன்னும் ஒரு நாய்க்குத்தான் காணும்.
கரண்டுக்கு எழுதிப்போட்டு பதினோரு மாதம்;
லைன்மேன் வந்தார், மோர் குடித்தார், போனார்.
உடும்பு கிணற்றிலேயே இருக்கிறது.
அதற்கு நாங்கள் பழகிவிட்டோம்.

இப்போதைய தொல்லை ஆடு.
முள் போனது தெரிந்ததும்
மேற்கே மொக்கையன் பட்டி முழுக்க
எங்கள் கன்றுகளை விசாரிக்க வருகிறது.
ஓடைக்கரையில் போய்
சீமைக்கருவேலங்கொப்பு வெட்டி
இழுத்துவருகிறேன்,
கன்றுக்கு ஒரு வளையம்.
துரத்திவிட்ட ஆளை
கூலி பேசிக் கூட்டிவருகிற மாதிரி.

வீட்டுக்கு இன்னும் கதவு போடவில்லை.
மிஞ்சிய கொப்பில் ஒரு படல் கட்டி
அதையும் சாத்தியிருக்கிறேன்.